எடை நாள் பிள்ளை

சட்டையின் மேல் பொத்தானை மாட்ட முடியவில்லை. ஊட்டச்சத்துத் திட்டத்தில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் கொடுத்த மஞ்சள் சட்டை அது. நெஞ்சில் சிரிக்கும் சூரியன் ஒன்று அச்சடித்திருந்தது. எடை நாளில் அதைப் போட்டுத்தான் கூட்டிவர வேண்டும். அவளுடைய மகன் மேல் அந்தச் சட்டை கொடியில் காயப்போட்டது போலத் தொங்கும். சூரியன் மடிப்புக்குள் போய் ஒரு கண் மட்டும் வெளியே தெரியும். இந்தப் பிள்ளையின் மேல் சூரியன் கன்னம் உப்பி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கழுத்து கொள்ளவில்லை. அவள் தன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதனால் அவன் கழுத்து இளைத்துவிடும் என்பதுபோல, பொத்தானைத் துளைக்குள் திணித்தாள். பிள்ளை சிணுங்கினான்.

"அழ வைக்காதடி. கண்ணீரும் எடையில சேர்த்திதான்," என்றாள் பிள்ளையைப் பெற்றவள். கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பிஸ்கட் தின்னாச்சுக்கா. மூணாவதுக்கு அழறான்."

"குடேன். உன் பிஸ்கட், என் பிள்ளை. நமக்குள்ள என்ன கணக்கு?"

கணக்கு இருந்தது. திட்டப் பணம் வந்த அன்றே பாதி கைமாறிவிடும்.

இருவரும் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் மடிக்கும் வேலை செய்தார்கள். சூடான உருளைகளின் நடுவே நசுங்கி வெளியே வரும் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் நகர்ந்து விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பிரிந்து, மறுபடி சேர வேண்டும். இயந்திரச் சத்தத்தில் தள்ளி நிற்கும்போது எதுவும் காதில் விழாது. கை தொடும் அளவுக்குக் கிட்டே வரும்போதுதான் பேச்சு. அதனால் மடிப்பவர்களின் பேச்சு எப்போதும் ஒரு வாக்கியம், பிறகு ஒரு பிரிவு, பிறகு பதில். சண்டையும் அப்படித்தான். ஒருத்தி சொன்ன குத்தலை வாங்கிக்கொண்டு விரிப்பின் நீளம் முழுக்கப் பின்னால் நடந்துபோய், அடுத்த முறை கிட்டே வரும்வரை அதை வாயில் வைத்துக் குதப்பிக்கொண்டிருக்க வேண்டும். கூலி ஜோடிக்குத்தான். ஜோடி மாறினால் கை பழகாது, கை பழகாவிட்டால் கூலி இறங்கிவிடும். அங்கே ஜோடி என்பது கல்யாணத்தைவிடக் கெட்டியான உறவு. இவர்கள் இருவரும் ஒரே வருடத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, முனையோடு முனை சேர்க்கும்போது வயிறு இடிக்க, சிரித்துக்கொண்டே மடித்தவர்கள். பிள்ளைகள் சில வார இடைவெளியில் பிறந்தன. சலவைக்கூடத்துப் பெண்கள்தான் பெயர் வைத்தார்கள். மூத்தவளான ஜோடிக்காரியின் பிள்ளை உருண்டை. அவளுடையது குச்சி.

திட்டத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். அவளுடைய கணவன் சுமை தூக்குகிறவன். மூட்டை சரிந்து இடுப்பு உடைந்து, ஊன்றுகோலோடு அறைக்குள் கிடந்தான். அவள் பெயரை உடனே எழுதிக்கொண்டார்கள். ஜோடிக்காரியின் கணவன் ஒரு கம்பெனியில் காவலாளி, மாதச் சம்பளச் சீட்டு உள்ளவன் என்று அவளை எழுதவில்லை. அவன் வேறொருத்தியோடு போய் வெகுநாளாகியிருந்தது. "அவன் போயிட்டான், அவன் சம்பளச் சீட்டு மட்டும் என்கூடவே குடித்தனம் நடத்துது," என்பாள் ஜோடிக்காரி. அதைச் சொல்லும்போது சிரிப்பாள். சிரித்துவிட்டு விரிப்பை அளவுக்கு மீறி உதறுவாள்.

மாதம் ஒரு முறை பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் எடை போட வேண்டும், ஊசிகளைத் தவறாமல் போட வேண்டும், நர்ஸம்மாவின் பேச்சைக் கேட்க வேண்டும், பிள்ளையின் எடை ஏறவேண்டும். இவ்வளவும் நடந்தால் பணம். எடை ஏறாவிட்டால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை கடைசி எச்சரிக்கை, மூன்றாம் முறை பெயர் நீங்கிவிடும். அந்தப் பணத்தில்தான் அறை வாடகை போனது. குச்சிக்கு எடை ஏறவில்லை. பால் குடிக்கும்போதே களைத்துப்போவான். நாலு மிடறு, ஒரு ஓய்வு, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டாம் முறையும் முள் அதே இடத்தில் நின்றபோது நர்ஸம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "பிள்ளைக்கு வர்ற பணத்தை யாரும்மா சாப்பிடறது? நீயா, உன் புருஷனா?" வரிசையில் நின்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பிள்ளையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. எடை ஏறாத பிள்ளை என்றால் ஏமாற்றுகிற தாய் என்பதுதான் அங்கே முதல் எண்ணம், கடைசி எண்ணமும் அதுவே.

யோசனையை முதலில் யார் சொன்னது என்பது இருவருக்கும் இப்போது நினைவில்லை. விரிப்பின் ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனைக்கு வருவதற்குள் அது உருவாகியிருந்தது. அடுத்த எடை நாளில் அவள் உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா பிள்ளையைத் தூக்கித் தராசுத் தொட்டிலில் போட்டாள். முள் ஒரே தாவலாகத் தாவியது. நர்ஸம்மா முள்ளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. எடைக் கணக்கில் அவளுடைய நிலையம்தான் அந்த வட்டாரத்திலேயே கடைசி. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று திட்டு வாங்குகிறவள். "பாத்தியா? நான் அன்னிக்கு உறைக்கிற மாதிரி கேட்டேன். பலிச்சுடுச்சு," என்றாள். அவள் சந்தேகப்படவில்லையா, சந்தேகப்படுவதற்கு அவளுக்கு நேரமில்லையா என்று சொல்ல முடியாது. அந்த வயதுப் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு முகம் காட்டுவார்கள். தவிர, தன் பேச்சால் ஒரு பிள்ளை வளர்ந்தது என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தவள் அதை எளிதில் கீழே வைக்க மாட்டாள்.

அன்றிலிருந்து உருண்டைதான் போனான். குச்சியின் பெயரில் எடை ஏறியது; குச்சியின் பெயரில் ஊசி போட்டார்கள், அழுதது உருண்டை. குச்சிக்கு ஊசியே இல்லை. சில மாதங்கள் கழித்து நர்ஸம்மா இரண்டு படங்களைப் பெரிதாக்கி நிலையத்தின் சுவரில் ஒட்டினாள். இடது பக்கம், திட்டத்தில் சேர்ந்த நாளில் எடுத்த குச்சி. கண்கள் மட்டும் பெரிதாக, எதையோ கேட்கப்போகிறவன் போல. வலது பக்கம், அவள் இடுப்பில் உருண்டை. மேலே "முன்பு" என்றும் "பின்பு" என்றும் எழுதியிருந்தது. இன்றைக்குப் பொத்தான் ஒருவழியாக மாட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் போனபோது, வரிசையில் நின்ற புதுத் தாய் ஒருத்தி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "என்னக்கா குடுத்தீங்க?" என்று காதோடு கேட்டாள். "பால்தான்," என்றாள் அவள்.

எடை முடிந்ததும் நர்ஸம்மா அவளைத் தனியாக அழைத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம். பணம் கொடுக்கிறவர்களே நேரில் வந்து பார்க்கப்போகிறார்களாம். "உன்னையும் பிள்ளையையும்தான் காட்டப்போறேன். அன்னிக்கு நல்ல உடுப்பா போட்டுட்டு வா. ரொம்ப நல்லதா வேண்டாம்," என்றாள்.

அறைக்குத் திரும்பியபோது கணவன் குச்சியை மார்பின்மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். படுக்க வைத்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து வெளியே வந்தது. உதட்டில் மங்கலான நீலம் படர்ந்திருந்தது, மை தொட்ட விரலை அங்கே தேய்த்தது போல.

"எவ்வளவு ஏறியிருக்கான் உன் பிள்ளை?" என்று கேட்டான் கணவன்.

"வாயை மூடுங்க."

"நெஜமாத்தான் கேக்கறேன். சுவத்துல இருக்கிறானே, அவன் உன் பிள்ளை. இவன் என் பிள்ளை. பாகம் பிரிச்சாச்சு." பிறகு குரல் தாழ்ந்தது. "காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. கேட்டுப் பாரு. உள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி கேக்குது."

அவள் காதை வைத்துக் கேட்டாள். அன்றைக்கு வந்த திட்டப் பணத்தில் ஜோடிக்காரிக்குக் கொடுத்தது போக மீதியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. இதயத்தில் ஓட்டை இருக்க வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்தால் அடைக்கலாம். "சுகாதார நிலையத்துல சீட்டு வாங்கிட்டுப் போங்க. சீட்டு இருந்தா பிள்ளைகளுக்குச் செலவே இல்ல. இல்லாமப் போனா வாசல்லயே முன்பணம் கேட்பாங்க, உங்களால முடியாது." மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "நீங்க திட்டத்துலதானே இருக்கீங்க? மாசா மாசம் பாக்கறவங்க இதை எப்படிக் கவனிக்காம விட்டாங்க? பிள்ளையைத் தூக்கினாலே தெரியுமே."

அவள் பிள்ளையைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். டாக்டர் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எடை நாள் இல்லை. நிலையம் காலியாக இருந்தது. நர்ஸம்மா தனியாக உட்கார்ந்து சுவரில் மாட்டப்போகும் காகிதத் தோரணங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்து, துணியில் சுற்றிய குச்சியை மேஜைமேல் வைத்து, துணியை விலக்கினாள். நர்ஸம்மாவின் கை தானாகப் பிள்ளையின் நெஞ்சுக்குப் போனது. மூச்சை எண்ணினாள். நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். இருபது வருடம் பிள்ளைகளைத் தொட்ட கை அது, இன்னும் மறந்திருக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"பொறந்ததிலேர்ந்தே பால் குடிக்கக் களைச்சுப்போவான்மா. இப்பதான் ரொம்ப."

"உடனே சேக்கணும். சீட்டு எழுதறேன். பேரு?"

அவள் மகனின் பெயரைச் சொன்னாள். நர்ஸம்மாவின் பேனா நின்றது. சுவரைப் பார்த்தாள். இடது படத்தையும் மேஜைமேல் கிடந்த பிள்ளையையும் பார்த்தாள். அந்தக் கண்கள் இரண்டிலும் ஒன்றுதான். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது யார் பிள்ளை?"

"என் பிள்ளைம்மா."

"உன் பிள்ளை நேத்து வந்தான். நான்தான் எடை போட்டேன். நல்லா இருக்கான்."

"அது என் பிள்ளை இல்லம்மா. அது என் ஜோடியோட பிள்ளை. எடை ஏறலேன்னு நிறுத்திடுவீங்கன்னு… இதுதாம்மா அவன். தப்புதான். என்ன வேணா பண்ணுங்க. பணம் வேண்டாம். பேரை எடுத்துடுங்க. சீட்டு மட்டும் குடுங்க."

"நீ சொன்னது எதுவும் என் காதுல விழல," என்றாள் நர்ஸம்மா. அவள் குரல் கடுமையாகக்கூட இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் குரலாக இருந்தது. "விழுந்துச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லட்டுமா? வாங்கின பணத்தையெல்லாம் நீ திருப்பிக் கட்டணும். உன்னையும் அவளையும் போலீஸ்ல குடுக்கணும். குடுத்துட்டு நானும் வீட்டுக்குப் போகணும். என் எடைக் கணக்குல எது நெஜம், எது பொய்னு ஒவ்வொண்ணா நோண்டுவாங்க. இதே வரிசையில நிக்கற எத்தனை பேர் வீட்டுல பணம் நிக்கும் தெரியுமா?"

"பேரை மட்டும் எடுத்துடுங்கம்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"எடுக்கறதுக்குக் காரணம் எழுதணும். என்னன்னு எழுத? பிள்ளை நல்லா வளந்துட்டான்னா?"

குச்சி இருமினான். இருமலில் சத்தமே இல்லை, உடம்பு மட்டும் அதிர்ந்தது. நர்ஸம்மாவின் கை மறுபடி அவன் நெஞ்சுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன் பிள்ளை பேருல சீட்டு எழுதினா ஆஸ்பத்திரியில எடைக் கணக்கைக் கேப்பாங்க. திட்டத்துல இல்லாத பிள்ளைக்கும் சீட்டு எழுதலாம். இந்த வட்டாரத்துப் பிள்ளையா இருந்தாப் போதும். பெத்தவ தன் அடையாள அட்டையோட வந்து இது என் பிள்ளைன்னு சொல்லணும், அவ்வளவுதான். ரெட்டையா இல்லேன்னா ஒருத்திக்கு ஒரே வயசுல ரெண்டு பிள்ளை இருக்க முடியாது. உனக்கு ஒண்ணு இருக்கு. அதை நான் எழுதி வெச்சிருக்கேன். அப்ப இவனைப் பெத்தவ யாரு? யோசிச்சுக் கூட்டிட்டு வா."

சலவைக்கூடத்தில் அன்று விரிப்புகள் நிற்காமல் வந்தன. அவள் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், உதறினாள், முன்னால் வந்தாள்.

"அக்கா, நீங்க வந்து என் பிள்ளையை உங்க பிள்ளைன்னு சொல்லணும்."

பிரிந்தார்கள். சேர்ந்தார்கள்.

"பைத்தியமாடி உனக்கு?"

பிரிந்தார்கள். சேர்ந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள உங்களைத்தான் விடுவாங்க. நீங்கதான் கூட இருக்கணும். உங்க கூலியை நான் தந்துடறேன்."

ஜோடிக்காரி இந்த முறை முனைகளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் கேலி எங்கேயோ போயிருந்தது. "என் பிள்ளை பேருல சேக்கணும். இல்லையா? அந்தப் பேருல அவன் செத்துட்டான்னா? செத்ததா எழுதப்போறது என் பிள்ளையை. அப்புறம் வீட்டுல இருக்கிறவன் யாருடி? ஒரு பள்ளிக்கூடம் சேக்கணும், ஒரு சீட்டு வாங்கணும்னா நான் யாருன்னு சொல்றது அவனை?"

பின்னாலிருந்து மேற்பார்வைக்காரன் கத்தினான். விரிப்பு தரையைத் தொட்டிருந்தது. இருவரும் தூக்கிக்கொண்டு பிரிந்தார்கள். அவள் விரிப்பின் மறுமுனைவரை நடந்தாள். அவ்வளவு தூரமும் பதிலை வாயில் வைத்திருந்தாள். அது தன்னுடைய வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அப்படி ஆனா, உங்க பிள்ளை என் பிள்ளையா இருப்பான்," என்றாள் கிட்டே வந்ததும். "ஏற்கெனவே அப்படித்தானே எழுதியிருக்கு. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். வளக்கறது நீங்க வளங்க."

ஜோடிக்காரி விரிப்பின் ஓரத்தை நீவினாள். அவளுக்குப் பின்னால் உருளைகள் அடுத்த விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"அப்ப பாதி ஆகாது," என்றாள் கடைசியில். "என் பிள்ளை முழுசா உன் பிள்ளைன்னா, பணமும் முழுசா அவனுக்குத்தான்."

"எடுத்துக்குங்க."

"நாளைக்கு வாங்கினப்புறம் மூஞ்சியைத் தூக்கக்கூடாது."

"மாட்டேன்."

"உன்னை மாதிரி ஒருத்தி என் ஜோடியா வந்து வாய்ச்சா பாரு," என்றாள் ஜோடிக்காரி. சொல்லிக்கொண்டே முனைகளைச் சேர்த்து, கடைசி மடிப்பைத் தட்டினாள்.

நர்ஸம்மா சீட்டு எழுதும்போது ஜோடிக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காட்டிய அட்டையை மட்டும் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிரிவின் வாசலில் காவல்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "அம்மா மட்டும்," என்றாள். குச்சியைப் பெற்றவள் அவனைத் துணியோடு நீட்டினாள். ஜோடிக்காரி உருண்டையை அவள் இடுப்புக்கு மாற்றிவிட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டாள், ஜோடிக்காரிக்குக் கனமான பிள்ளையைத் தூக்கியே பழக்கம், இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்காததால் கை சட்டென்று மேலே எழும்பியது. குச்சி அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும். ஜோடிக்காரியின் தோளுக்கு மேலாகத் தன் தாயையே பார்த்துக்கொண்டு போனான். சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பின் நீளம்தான் அவளுக்குத் தெரிந்த அதிகபட்ச தூரம். அந்த நடைவழி அதைவிட நீளமாக இருந்தது, எதிரே யாரும் திரும்பி வரவில்லை.

"நீ என்ன வேணும் அவங்களுக்கு?" என்று காவல்காரி கேட்டாள்.

"பக்கத்து வீடு."

"நல்ல பிள்ளையை வெச்சிக்கிட்டு இங்க நிக்காதம்மா. நோய் ஒட்டிக்கும்." அவள் இடுப்பில் உருண்டை உட்கார்ந்து கதவின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோடிக்காரி ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். உருண்டை அவர்களுடைய அறையில் தங்கினான். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தாயைக் கேட்டு அழுதான். இரண்டாம் நாள் பாதி ராத்திரி அழுதான். பிறகு அவளை ஒட்டிப் படுத்து, அவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டான். ஒரு தட்டுப் பாலையும் ரொட்டியையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் காலி செய்தான். கணவன் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இப்படித் திங்கறதுக்குப் பேருதான் பிள்ளைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றான். அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வெகுநேரம் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜோடிக்காரி போனில் சேதி சொன்னாள். குச்சிக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். உதட்டு நிறம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, காத்திருக்க முடியாது, நெஞ்சைத் திறந்து அடைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். "கையெழுத்துப் போடச் சொன்னாங்கடி. தாயின்னு போட்டிருந்த எடத்துல போட்டுட்டேன்." பிறகு நாளைச் சொன்னாள். "புதன்கிழமை காலையில உள்ள கூட்டிட்டுப் போறாங்க. முடிஞ்சதும் போன் பண்றேன். எதுவா இருந்தாலும் பண்றேன்."

புதன்கிழமை காலையில்தான் தலைமை அலுவலகத்து ஆட்களும் வந்தார்கள்.

முந்தின நாளே அவள் நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டிருந்தாள். வேறு யாரையாவது காட்டுங்கள் என்று கெஞ்சினாள். ஆஸ்பத்திரி வாசலிலாவது நிற்க வேண்டும் என்றாள்.

"வாசல்ல நின்னு என்ன பண்ணப்போற? உன்னை உள்ள விடப்போறாங்களா?" என்றாள் நர்ஸம்மா. "நீ வரலேன்னா எங்கேன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வந்து பாப்பாங்க. பிள்ளை அங்க இருந்தா தாய் எங்கம்பாங்க. கேட்டுக்கிட்டே போனா ஆஸ்பத்திரி வரைக்கும் போவாங்க. அங்க கத்தியை எடுத்தவங்க கையை நிறுத்தி, இது யார் பிள்ளைன்னு கேக்கணுமா? சொல்லு. ஒரு மணி நேரம். நின்னுட்டு ஓடிடு."

கணவன் ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனான். அவள் பிள்ளைக்குத் தலை வாரி, முகம் துடைத்து, தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். போனை இடுப்பில் செருகியிருந்தாள். உள்ளே நுழையும்போது, சத்தம் வராமல் வை என்று நர்ஸம்மா சொன்னாள், வைத்தாள்.

ஆறு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். ஒருவர் குழந்தைகளுக்காகப் பொம்மைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தாய்மார்களோடு பேசினாள். நர்ஸம்மா சுவரில் இருந்த இரண்டு படங்களுக்கு நடுவே அவளை நிறுத்தினாள். எப்படி வளர்த்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள், தலையைச் சாய்த்துக்கொண்டு.

"நர்ஸம்மா சொன்ன மாதிரியே செஞ்சேன்," என்றாள் அவள்.

"இந்தப் பணம் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இதற்கு நர்ஸம்மா பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டிக்காரன் எதையோ கூவிக்கொண்டு போனான். இந்த நேரம் உள்ளே கூட்டிப்போயிருப்பார்கள். குச்சியின் நெஞ்சு எவ்வளவு சிறியது, அதைத் திறக்க எவ்வளவு சின்னக் கத்தி வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"என் பிள்ளை என்கிட்ட இருந்திருப்பான்," என்றாள்.

கண்ணாடிப் பெண் புரியாமல் நர்ஸம்மாவைப் பார்த்தாள். "இருந்திருக்க மாட்டான்னு சொல்றா. உணர்ச்சிவசப்பட்டுட்டா," என்றாள் நர்ஸம்மா அவசரமாக. அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்தன. அவள் எழுந்து வந்து அவளுடைய தோளைத் தொட்டாள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு உருண்டை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து, "அம்மா," என்றான். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்படியே இருங்க, அப்படியே," என்றார் கேமரா வைத்திருந்தவர். "பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. அசையாதீங்க."

அவள் திருப்பினாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. பிள்ளையின் முழங்கால் சரியாக அதன்மேல் இருந்தது. அவன் முகத்தைத் தூக்கி, கூச்சத்தில் நெளிந்து, கீழே என்ன என்று பார்த்தான். அது நிற்காமல் அதிர்ந்தது. அவளுடைய ஒரு கை பிள்ளையின் அடியில் இருந்தது, மறு கையைக் கண்ணாடிப் பெண் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கேமரா மூன்று முறை வெளிச்சம் காட்டியது. பிறகு அதிர்வு நின்றுவிட்டது. பிள்ளை ஏமாந்துபோய், இன்னொரு முறை வேண்டும் என்று, முழங்காலால் அவள் இடுப்பை இடித்தான். மறுபடி இடித்தான். அது மறுபடி அதிரத் தொடங்கியதும் தலையைப் பின்னால் சாய்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.